ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? முதலில் இருக்கைக்கு அடியில் பாருங்கள்

காரின் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்து, சீட் பெல்ட் பிரிடென்ஷனரின் (மோதலின்போது சிறு வெடிமருந்தால் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் கருவி) மின்தடை அதிகம் என்று பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் காட்டினால், புதியது வாங்குவதற்கு முன், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து, முன்னிருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் இறுக்கமாகவும் துருவின்றியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சுற்றின் மின்தடை பெரும்பாலும் 2 ஓம் அளவிலேயே இருப்பதால், இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போது கனெக்டர் சற்றே தளர்ந்தாலும், கூடுகிற ஓரிரு ஓம் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பழுதாகத் தெரிந்துவிடும். ஆனால் பிரிடென்ஷனரைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யக்கூடும் என்பதால், வாகன நிறுவனங்களின் பணிமனைக் கையேடுகளே அதைத் தடை செய்கின்றன. கனெக்டர் கதவுத் தூணுக்குள் இருக்கும் கார்களுக்கும், விபத்தில் ஏற்கெனவே இயங்கிவிட்ட பிரிடென்ஷனருக்கும் இந்த வழி பொருந்தாது. பின்னதை மாற்றியே ஆக வேண்டும்.