பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஒரு சின்ன ஹெலிகாப்டர்: கட்டுவதும் பறக்கவிடுவதும்

ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர்கள் இரண்டு வகைப்படும். முதல் வகையில் பிளேடுகளின் சாய்வு மாறாது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். பொம்மைக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். இரண்டாவது வகையில் பிளேடுகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, அவற்றின் சாய்வு மட்டும் மேலே தூக்கும்படியும் (நேர்ச்சாய்வு) கீழே தள்ளும்படியும் (எதிர்ச்சாய்வு) மாறும். கலெக்டிவ் பிட்ச் எனப்படும் இந்த ஏற்பாடு இருந்தால்தான் ஹெலிகாப்டர் குட்டிக்கரணம் போடும். தரையிறங்கும் கால்கள் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக நின்று காட்டும். ஒரு காலத்தில் இந்த வித்தைகளெல்லாம் கிலோக்கணக்கில் எடையுள்ள பெரிய மாடல்களுக்கே உரியவையாக இருந்தன. மூன்று அச்சுகளிலும் அசைவை உணரும் கைரோ சிறு சில்லாக வந்தபின், பிளேடுகளுக்குக் குறுக்கே எடை கட்டிய ஃபிளைபார் தேவையற்றுப்போய், ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த விட்டமுள்ள சுழலியும் 45 கிராம் அளவு எடையும் கொண்ட இயந்திரங்கள் அதே வித்தைகளைச் செய்யத் தொடங்கின. 2011இல் ஈ-ஃபிளைட் வெளியிட்ட எம்சிபி எக்ஸ் இவ்வகையில் பலருக்கும் அறிமுகமான மாடல்.

சின்னது என்பதால் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய மாடலைவிட இது வேகமாகத் திரும்பும். சட்டென்று கண்ணுக்குச் சிறுத்துவிடும். இதன் பெரும் நன்மை விழும்போதுதான் தெரியும். 50 கிராம் எடை மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும் ஆற்றல் சுமார் ஒன்றரை ஜூல் மட்டுமே. பெரும்பாலும் ஓர் அச்சுக் கம்பி வளைவதோடு அது முடிந்துவிடும். ஆகவே துணிந்து பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் இல்லை. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: மேசையில் பொறுமையாகக் கட்டியிருக்க வேண்டும்; காற்றறிந்து பறக்கவிட வேண்டும்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பகுதிகளில் வாழும் நமக்கு இரண்டாவது நிபந்தனையே கடினமானது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் கணவாயின் வாயில் நாம் குடியிருக்கிறோம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் அடிக்கும் காற்று அந்த வழியாகத்தான் நெருக்கிக்கொண்டு போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டிருப்பதும் அதை நம்பித்தான். தென்னங்கீற்று ஓயாமல் ஆடும் நாளில் 50 கிராம் ஹெலிகாப்டரை வெளியில் எடுக்காதீர்கள். பனையோலைச் சலசலப்பு கேட்டாலே அன்றைய பயிற்சி வீட்டுக்குள்தான்.

இதற்கு ஊரே ஒரு வழியும் வைத்திருக்கிறது. ஆடியில் தமிழ்க் குடும்பங்களிலும் கர்க்கடகத்தில் மலையாளக் குடும்பங்களிலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே காற்று உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். மண்டபப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, நாற்காலிகளை ஒதுக்கி, மின்விசிறிகளை நிறுத்திவிட்டால் அதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. வெளியில் பறக்கவிட மிகச் சிறந்த காலம் இரண்டாம் போகமான முண்டகன் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாசியும் பங்குனியும். அவற்றிலும் விடிந்த முதல் மணி நேரமும் வெயில் தாழ்ந்த பின்னரும்தான். அறுத்த தாள் குத்திட்டு நிற்கும் வயலில் நேரடியாக இறக்கினால் வால் சுழலி சிக்கிக்கொள்ளும். ஒரு தார்ப்பாயை விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்து, அதிலிருந்து ஏற்றி அதிலேயே இறக்குங்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ வகையைச் சேரும். அவற்றை இயக்க விமானி சான்றிதழ் தேவையில்லை. எனினும் விமான நிலையத்தையும் விமானப்படைத் தளத்தையும் ஒட்டிய தடைப்பகுதிகள் எல்லோருக்கும் பொதுவானவை. கோவைப் பக்கம் பீளமேடும் சூலூரும் இருப்பதால், அந்தப் பக்கம் எடுத்துச் செல்லும்போது அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனாகவோ பிரித்த தொகுப்பாகவோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. உதிரிப் பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. கிடைக்கும் பாகங்களைச் சேர்த்து நாமே கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுவது

பாகங்கள் அதிகமில்லை. சட்டகம், முதன்மை அச்சு, பிளேடுகளைப் பிடிக்கும் தலை, பிளேடுகளின் சாய்வை மாற்றும் தட்டான ஸ்வாஷ்பிளேட், அதை அசைக்கும் சர்வோ எனப்படும் மூன்று சின்ன மோட்டார்கள், முதன்மை மோட்டார், வால்குழாய், வால் மோட்டார், கைரோவும் ரிமோட்டின் சமிக்ஞையைப் பெறும் ரிசீவரும் சேர்ந்த பலகை, பேட்டரி, மேலுறை ஆகியவைதான். மோட்டார் வாங்கும்போது, உரசி மின்சாரம் கடத்தும் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் வகையையே தேர்ந்தெடுங்கள். பிரஷ் வைத்த கோர்லெஸ் மோட்டார் விலை குறைவு. ஆனால் வித்தைப் பறப்பின் சுமையில் அதன் பிரஷ்கள் விரைவில் தேய்ந்து, முதலில் வாலும் பிறகு தூக்குவிசையும் தளரும்.

முதன்மை அச்சு நேராக இருக்கிறதா என்று பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் அதை உருட்டுங்கள். கோணல் இருந்தால் அச்சுக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையிலுள்ள கீற்று ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கும். பிளேடு பிடிகளை இணைக்கும் குறுக்குக் கம்பியையும் இப்படியே சோதியுங்கள். அதன் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையங்களில் சிறிது கிரீஸ் தடவிவிடுங்கள். இரும்பைப் பித்தளையிலோ அலுமினியத்திலோ முறுக்கும் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப் பசையை ஊசி முனையளவு இடுங்கள். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகுக்கு அதை ஒருபோதும் இடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். மோட்டார் பல்லுக்கும் பெரிய பற்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய தாள் துண்டு ஒன்றைச் செருகி, இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி மோட்டாரை முடுக்கி, பிறகு தாளை உருவி எடுத்தால் சரியான இடைவெளி அமையும்.

அடுத்து வரும் வேலையில்தான் ஹெலிகாப்டரின் நடத்தை தீர்மானமாகிறது. இதற்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். சர்வோவைக் கழற்றிவிட்டு, ஸ்வாஷ்பிளேட்டை விரலால் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்திலும் பிடிக்கக் கூடாது. விரலை எடுத்தால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். பந்து இணைப்பு எது இறுகியிருக்கிறதோ அதைக் கழற்றி, இடுக்கியால் வெளிப்புறத்தை மெல்ல ஒரு முறை அழுத்தி மாட்டினால் தளரும். தாங்கிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். இரண்டு கிராம் எடைகூட இல்லாத சர்வோவுக்கு வலிமை குறைவு. இணைப்பில் சிறு இறுக்கம் இருந்தாலும் கைரோ கேட்கும் அசைவை அது தாமதமாகத் தரும். அந்தத் தாமதம்தான் காற்றில் வாலாட்டமாகவும் மூக்காட்டமாகவும் வெளிப்படும். அதைக் கைரோ அமைப்பில் திருத்த முயல்பவர்கள் பலர். கோளாறு இருப்பது இணைப்பில்.

பிறகு மின்சாரம் கொடுத்து, மோட்டார் கம்பிகளைப் பிரித்துவைத்த நிலையிலேயே, கலெக்டிவ் குச்சியை நடுவில் நிறுத்துங்கள். மூன்று சர்வோக் கைகளும் செங்கோணத்தில், ஸ்வாஷ்பிளேட் மட்டமாக, பிளேடுகளின் சாய்வு சரியாகச் சுழியமாக இருக்க வேண்டும். சின்ன பிளேடில் கோணமானி மாட்ட முடியாது. இரண்டு பிளேடுகளையும் வால்குழாய் பக்கமாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருங்கள். நுனிகள் தாள்களைப் போல் ஒட்டிப் படிந்தால் சாய்வு சுழியம், நுனிகளுக்கிடையே ஆப்பு வடிவில் இடைவெளி விழுந்தால் இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருத்துங்கள். குச்சியை இரு எல்லைகளுக்கும் தள்ளும்போது இரு பக்கமும் 10 முதல் 12 டிகிரி வரை சமமாகக் கிடைக்க வேண்டும். மேலே 12, கீழே 8 என்றிருந்தால் தலைகீழ் நிலையில் இயந்திரம் தரையை நோக்கிச் சரியும்.

கைரோவின் திசையைச் சோதிக்காமல் எதையும் ஏற்றாதீர்கள். கையில் பிடித்து மூக்கை முன்னால் சாய்த்தால் ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய வேண்டும். இடப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் சாய வேண்டும். திசை தவறியிருந்தால் ஏறிய கணமே கவிழும். பேட்டரியை முன்பின் நகர்த்தி எடைமையம் முதன்மை அச்சுக்கு நேராக அமையும்படி செய்யுங்கள். பிளேடு திருகு, பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு விழாமலும் லேசாக உலுக்கினால் நகரும்படியும் இறுகியிருக்க வேண்டும்.

லைப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏறும். பறந்து இறங்கியபின் 3.7க்குக் கீழே இல்லாதபடி ரிமோட்டில் நேரத்தை அமையுங்கள். மூன்று நிமிடத்தில் தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டலாம். சில நாட்கள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். ஏற்றும்போது அருகில் இருங்கள். பங்குனி வெயிலில் பைக்கின் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுச் செல்வது ஆபத்தானது.

பறக்கவிடுவது

ரிமோட்டில் முதலில் அமைக்க வேண்டியது த்ராட்டில் ஹோல்ட் சுவிட்ச். அதைத் தட்டினால், குச்சி எங்கிருந்தாலும் மோட்டார் நின்றுவிடும். மோட்டார் ஓடியபடியே மோதினால் பல் உடையும், சர்வோ உடையும், மோட்டார் கருகும். மோட்டாரை நிறுத்திவிட்டு மோதினால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஆகவே காப்பாற்ற முடியுமா என்று யோசிக்கும் நொடியிலேயே விரல் அந்தச் சுவிட்சைத் தட்டியிருக்க வேண்டும். கணினியில் சிமுலேட்டர் வைத்துப் பழகும்போதும், ஒவ்வொரு விழுதலிலும் தவறாமல் இதைத் தட்டிப் பழகுங்கள்.

இயந்திரம் சிறிது என்று அலட்சியம் வேண்டாம். 245 மில்லிமீட்டர் சுழலி நிமிடத்துக்கு 4500 சுற்று சுழன்றால் பிளேடு நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுகிறது. வயலில் ஹெலிகாப்டரைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். “தம்பி, எனக்குப் பின்னால நின்னு பாரு” என்று சொல்லி, எல்லோரும் பின்னால் வந்தபிறகே ஏற்றுங்கள்.

வித்தைக்கு ஐடில் அப் நிலை தேவை. அதில் குச்சி எங்கிருந்தாலும் சுழலியின் வேகம் குறையாது. குச்சி சாய்வை மட்டும் மாற்றும். தரையில் குச்சி அடியில் இருக்கும்போது இந்த நிலைக்கு மாற்றினால், முழு எதிர்ச்சாய்வுடன் மோட்டார் சீறி இயந்திரம் தரையோடு மல்லுக்கட்டும். சாதாரண நிலையில் ஏற்றி, குச்சி நடுவுக்கு வந்தபின் மாற்றுங்கள்.

வால் நம்மைப் பார்த்தபடி நிற்கவைப்பது, பக்கவாட்டில் நிற்கவைப்பது, மூக்கு நம்மைப் பார்த்தபடி நிற்கவைப்பது, எட்டு வடிவில் சுற்றுவது ஆகிய நான்கும் தயக்கமின்றி வந்தபிறகே குட்டிக்கரணத்துக்குப் போங்கள். மூக்கு நம்மைப் பார்க்கும் நிலையைத் தவிர்த்துவிட்டு முன்னேறியவர்கள் தலைகீழ் நிலையில் தடுமாறுவதைப் பார்க்கிறோம்; அங்கே பொறுமை காட்டுவது பின்னால் பல பாகங்களை மிச்சப்படுத்தும்.

முதல் குட்டிக்கரணத்துக்கு நான்கு மீட்டர் உயரம் வேண்டும். சற்று நேர்ச்சாய்வு கொடுத்து மேலே எழச் செய்து, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியை முழுதாகப் பின்னால் இழுங்கள். மூக்கு வானத்தை நோக்கும்போது கலெக்டிவ் சுழியத்துக்கு வர வேண்டும், முழுதாகக் கவிழும்போது எதிர்ச்சாய்வு, வால் வானத்தை நோக்கும்போது மீண்டும் சுழியம், நிமிரும்போது நேர்ச்சாய்வு. எலிவேட்டர் குச்சியைப் பாதியில் விட்டுவிட்டால் தலைகீழாக நின்றுவிடும். அப்போது பதறாமல், தொடங்கிய திசையிலேயே சுற்றி முடியுங்கள்.

தலைகீழாக நிற்கவைக்கும்போது எந்தக் குச்சி திசைமாறும் என்பதை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உருட்டிக் கவிழ்த்து, வால் நம் பக்கமே இருந்தால், பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரான் பழையபடிதான்: வலம் தள்ளினால் வலமே போகும். கலெக்டிவும் எலிவேட்டரும், மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடரும் மாறும். கீழே இழுத்தால் ஏறும். முன்னால் தள்ளினால் நம்மை நோக்கி வரும். சிமுலேட்டரில் இது கைக்கு வந்தபிறகு மண்டபத்தில் முயலுங்கள்.

ஒவ்வொரு விழுதலுக்குப் பின்பும் பார்க்க வேண்டியவை இவை: குறுக்குக் கம்பி, முதன்மை அச்சு, பெரிய பற்சக்கரத்தில் உடைந்த பல், வால்குழாயை ஒட்டி ஓடும் மெல்லிய மோட்டார் கம்பிகள். பிளேடில் முடியளவு வெடிப்பு இருந்தாலும் அதைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். கிழக்குக் காற்றுக் காலத்துப் புழுதி, சர்வோவின் நிலையை உணரும் தடைப்பட்டையில் படிந்தால் ஸ்வாஷ்பிளேட் தானாகவே துடிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். துடைத்தபின்னும் துடிப்பு நிற்கவில்லையென்றால் அந்த ஒரு சர்வோவை மட்டும் மாற்றி, சுழியச் சாய்வை மீண்டும் அளந்துவிட்டு ஏற்றுங்கள்.