பாப்டா-ஏஎம்: செல்லுக்குள் கால்சியத்தைப் பிடித்து வைப்பது எப்படி?

செல்லுக்கு வெளியே கால்சியம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமோலார் இருக்கும். ஓய்வில் இருக்கும் செல்லின் உள்ளே சுமார் 100 நானோமோலார்தான். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், கொஞ்சம் உள்ளே கசிந்தாலே செல் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் விளைவுக்கு அந்தச் செய்தி தேவையா என்று சோதிக்கத்தான் பாப்டா-ஏஎம் என்ற சேர்மம். இது எந்த வாயிலையும் அடைப்பதில்லை. வருகிற கால்சியத்தை உடனுக்குடன் பிடித்துக்கொள்கிறது.

பாப்டாவை வேதியியலாளர் ரோஜர் சியென் 1980-இல் வெளியிட்டார். அதன் நான்கு கார்பாக்சில் தொகுதிகளின் மின்னேற்றத்தால் அது செல் சவ்வைத் தாண்டாது. அடுத்த ஆண்டே அவர் தந்த வழி, அந்த நான்கையும் எஸ்டராக்கி மூடுவது. அப்படி மூடிய வடிவம்தான் பாப்டா-ஏஎம். உள்ளே போனதும் செல்லின் எஸ்டரேஸ் நொதிகள் மூடிகளை வெட்டிவிடும், மூலக்கூறு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

படி 1: 1 மில்லிகிராம் பாப்டா-ஏஎம் தூளை 131 மைக்ரோலிட்டர் உலர்ந்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஈரம் பட்டால் எஸ்டர் வெளியிலேயே உடைந்துவிடும். குளிர்ந்த குழாயை அறை வெப்பத்துக்கு வரும்முன் திறக்காதீர்கள்.

படி 2: செல்களை சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு, அது மூடிகளை வெளியிலேயே வெட்டிவிடும்.

படி 3: 1 மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோலிட்டர் கரைசல், அதாவது 10 மைக்ரோமோலார். சரியாகக் கரையாவிட்டால், கரைய உதவும் சோப்பு போன்ற புளூரோனிக் எஃப்-127-ஐ 0.02% சேர்க்கலாம். 37 டிகிரியில் 30 நிமிடம்.

படி 4: கழுவுங்கள். அப்புறம் இன்னொரு 30 நிமிடம் காத்திருங்கள். புதியவர்கள் அவசரப்பட்டுத் தவறவிடுவது இதைத்தான். மூடிகள் முழுதாக வெட்டுப்படாத பாப்டா கால்சியத்தைச் சரியாகப் பிடிக்காது. "மருந்து வேலை செய்யவில்லை" என்ற புலம்பல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் சந்தேகம்.

படி 5: பிடிக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் பட்டால் ஒளிரும் ஃபுளுவோ-4 சாயம் ஏற்றிய செல்களுக்கு, உள்ளே கால்சியத்தை உயர்த்தும் தூண்டலாக ஏடிபி கொடுங்கள். அவை ஏடிபிக்குப் பதில் தருபவை என்றால், பாப்டா இல்லாதவற்றில் ஒளி சட்டென்று எழும், இருப்பவற்றில் எழாது, அல்லது மிக மந்தமாக எழும்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அதே அளவு டிஎம்எஸ்ஓ கொடுத்தே ஆக வேண்டும். அது மட்டும் போதாது. ஒவ்வொரு மூடி உடையும்போதும் ஒரு ஃபார்மால்டிஹைடு வெளிவரும். அதனால் அளவைக் கண்டபடி ஏற்றாதீர்கள். பாப்டா துத்தநாகத்தையும் பிடிக்கும். அந்த ஐயம் வந்தால், துத்தநாகத்தை இறுகப் பிடிக்கும் டிபென் என்ற சேர்மத்தைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் உங்கள் விளைவு மறைந்துவிட்டால், பழியைக் கால்சியத்தின் மேல் போட அவசரப்பட வேண்டாம்.