வாடிய இலையைக் கிள்ளுவதற்கு முன்

சித்திரை வெயிலில் மாடித்தோட்டத்தைப் பார்த்தால் தக்காளியும் கத்தரியும் துவண்டு கிடக்கும், அடியில் நாலு இலை மஞ்சளாகியிருக்கும். கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். பச்சை மிச்சமிருக்கிற இலை இன்னும் செடிக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

படி 1: மண்ணில் விரலை விடுங்கள்

இரண்டு கணு ஆழத்துக்கு விரல் இறங்கட்டும். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான், ஆனால் ஒரேயடியாக அல்ல. தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைக் குடிக்காது. ஓரமாகவே இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும். கீழே ஒழுகுகிறதே, போதும் என்று நினைத்துவிடுவோம், உள்ளே வேர் காய்ந்தே இருக்கும். கால் மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் வேரில். செடி வளர்க்கும் பையின் அடித்துளைகள் அடைத்திருந்தால் குத்திவிட்டு, மேல்மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள்.

படி 2: சாயங்காலம் ஒருமுறை பாருங்கள்

மத்தியானம் தொங்கிய இலை சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது வெயில் களைப்பு. வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டினால் சரியாகிவிடும்.

படி 3: மஞ்சள் எங்கே தொடங்கியது?

அடி இலையில் என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறையாக இருக்கலாம். செடி பழைய இலையிலிருந்து அந்தச் சத்தை உருவி, புதுத்தளிருக்கு அனுப்புகிறது. பாதியில் கிள்ளினால் அதுவும் வீண். லேசாகத் தொட்டதும் கையோடு வரும்போது எடுத்தால் போதும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நுனித்தளிர் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். இங்கே இலையை வெட்டி ஒரு பயனும் இல்லை.

எதுவானாலும், காய்ந்த மண்ணில் உரம் போடாதீர்கள். வேர் கருகும்.

படி 4: உடனே வெட்ட வேண்டியவை

தக்காளியின் அடி இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள், ரோஜா இலையில் கரும்புள்ளியும் சுற்றிலும் மஞ்சளும். இவை பூஞ்சை நோய்கள், இரக்கம் பார்க்க வேண்டாம். இலை உலர்ந்திருக்கும் நேரத்தில் வெட்டி, கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டியதை உரக்குழியில் போடாமல் குப்பைக்கு அனுப்புங்கள். வெண்டையில் நரம்பு மஞ்சளித்தால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இலை எடுத்துப் பயனில்லை, செடியையே பிடுங்கிவிடுங்கள்.

எவ்வளவு வெட்டலாம்? நலிந்த செடியில் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வெட்டினால் பக்கத்தளிர் கிளம்பும், அதற்குச் சேமிப்பிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். ரோஜாவைக் கோடையில் ஒட்ட வெட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், அக்டோபர்வரை விட்டுவையுங்கள். விதிவிலக்கு, இடம் மாற்றி நட்ட செடி. வேர் அறுந்துபோனதால் அத்தனை இலைக்கும் தண்ணீர் தர அதற்கு முடியாது, கொஞ்சம் குறைத்துவிடலாம்.

படி 5: மொட்டையாகிவிட்டால்

செம்பருத்தி வெறும் குச்சியாக நின்றாலும் தூக்கிப் போடாதீர்கள். நுனிப்பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கணுவை ஒட்டி வெட்டி, பையை நிழலுக்கு நகர்த்துங்கள்.