ஃபிஃப்த் வீல்ல குடியேறப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

அமெரிக்காவுல வாடகை ஏறுற வேகத்தப் பாத்துட்டு, வேலையும் லேப்டாப்லதானே, பேசாம ஃபிஃப்த் வீல்ங்கிற வீட்டு ட்ரெய்லர் ஒண்ணு வாங்கி அதுலயே குடித்தனம் பண்ணிடலாம்னு கணக்கு போடுற நம்ம ஆளுங்க இருக்காங்க. நல்ல யோசனைதான், வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா பெரிய தப்பெல்லாம் ரோட்டுல நடக்கிறதில்ல, வாங்குற இடத்துலயே நடந்து முடிஞ்சுடுது. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: இது காருக்குப் பின்னாடி கொக்கி போட்டு இழுக்கிற சாதா ட்ரெய்லர் இல்ல. பிக்கப் ட்ரக்கோட பின்பக்கத் தொட்டிக்குள்ள, பின் ஆக்சிலுக்கு மேல ட்ரெய்லர மாட்டுற ஹிட்ச் இருக்கும், ட்ரெய்லரோட மூக்கு அது மேல ஏறி உக்காரும். அதனால ஆட்டம் கம்மி, உள்ள இடமும் ஜாஸ்தி, ஆனா அந்த மூக்கோட பாரம் மொத்தமும் ட்ரக் தலையிலதான்.

இங்கதான் முதல் தப்பு, ட்ரக்க முதல்ல வாங்கிடறது. விக்கிறவர் "இது 13,000 பவுண்டு இழுக்கும்"னு சொல்லுவார், பொய் இல்ல, இழுக்கும். ஆனா இழுக்கிறது வேற தாங்குறது வேற. ட்ரெய்லர் எடையில சுமாரா 20லேர்ந்து 25 சதவீதம் ட்ரக் மேல இறங்கும், 14,000 பவுண்டு ட்ரெய்லர்னா 2,800லேர்ந்து 3,500 பவுண்டு. இப்ப டிரைவர் கதவத் தொறந்து கதவுச் சட்டத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரப் படிங்க, ஆளும் சாமானும் சேந்து இவ்ளோதான் ஏத்தலாம்னு போட்டிருக்கும். எஃப்-150 மாதிரி, ஹாஃப் டன்னு பேருக்குச் சொல்ற சின்ன வகை ட்ரக்ல பெரும்பாலும் அது 1,500லேர்ந்து 2,000 சுத்திதான் இருக்கும், அதுலயே நீங்க, வீட்டம்மா, பிள்ளைங்க, ஹிட்ச் எல்லாம் அடங்கணும். அதனால குடியிருக்கிற சைஸ் ஃபிஃப்த் வீலுக்கு ஒன் டன்னு சொல்ற பெரிய வகை ட்ரக், பல சமயம் பின்னாடி நாலு டயர் இருக்கிற டூயலிதான் சரிப்படும். முதல்ல ட்ரெய்லர முடிவு பண்ணுங்க, அதுக்கப்புறம் ட்ரக் கடைப் பக்கம் போங்க.

எடை கணக்கு போடறப்போ ப்ரோஷர்ல இருக்கிற டிரை வெயிட்ட நம்பாதீங்க, அது காலி வண்டி எடை. லீவுக்குப் போறவங்க நாலு பெட்டி ஏத்துவாங்க, நாம குடும்பத்தையே ஏத்தறோம், கிரைண்டர் கல்லுலேர்ந்து அரிசி மூட்டை வரைக்கும். தண்ணி மட்டுமே கேலனுக்கு 8.3 பவுண்டு, 60 கேலன் டேங்க் நிரப்பினா 500 பவுண்டு போச்சு. அதனால ட்ரெய்லர் அதிகபட்சமா எவ்ளோ எடை வரைக்கும் போலாம்னு கம்பெனி போட்டிருக்கோ அத வச்சு கணக்கு போடுங்க, எல்லாம் ஏத்தின பிறகு ஹைவே ட்ரக் ஸ்டாப்ல இருக்கிற கேட் ஸ்கேல்ங்கிற எடை மேடையில ஒரு தடவை எடை போட்டுப் பாத்துடுங்க. ஓவர்லோடு ஆன ட்ரெய்லர்ல முதல்ல வெடிக்கிறது டயர்தான். டயரோட பட்டன் பாக்க புதுசா இருக்குன்னு ஏமாறாதீங்க, டயர் பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கிற கோடோட கடைசி நாலு நம்பர்ல எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு இருக்கும், அஞ்சாறு வருஷம் தாண்டிட்டா மாத்திடறது நல்லது.

ஷோரூம்ல யாரும் பண்ணாத ஒரு விஷயம் சொல்றேன். அங்க ஸ்லைடு, அதாவது பக்கவாட்டுல வெளிய நீளுற அறைப் பகுதி எல்லாம் வெளிய தள்ளி வச்சு ஹால் மாதிரி காட்டுவாங்க, சோபா, ஃபயர்பிளேஸ், டிவின்னு நாமளும் மயங்கிடுவோம். எல்லா ஸ்லைடையும் உள்ள இழுக்கச் சொல்லுங்க. அப்புறம் பாத்ரூம் போக முடியுதா, ஃப்ரிட்ஜ் கதவு தொறக்குதா பாருங்க. சில மாடல்ல ரெண்டுமே முடியாது, நடுவழியில ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தினா சொந்த வீட்டு டாய்லெட்டுக்கு நாமளே போக முடியாம நிக்கணும். அப்புறம் லோன். 15 வருஷம், 20 வருஷம்னு நீட்டிக் குடுப்பாங்க, இஎம்ஐ சின்னதாத் தெரியும், ஆனா முதல் வருஷமே விலை மளமளன்னு சரியும், ரெண்டு வருஷத்துல விக்கணும்னா கடன் பாக்கி வண்டி விலைய விட ஜாஸ்தியா நிக்கும். ரெண்டு மூணு வருஷம் ஓடினத, டீலருக்கு சம்பந்தமில்லாத ஒரு இன்ஸ்பெக்டர வச்சு பாத்து வாங்குறது எவ்ளோவோ மேல்.

ஹிட்ச் மாட்டுறதுல அவசரமே கூடாது. தாடை சரியா பூட்டாம இருக்கும், மேலோட்டமா பாத்தா மாட்டின மாதிரியே தெரியும், வண்டிய எடுத்ததும் ட்ரெய்லர் மூக்கு வழுக்கி வந்து ட்ரக் தொட்டியோட ரெண்டு சுவர் மேலயும் விழுந்து நசுக்கும். சக்கரத்துக்கு கட்டை வச்சு, ட்ரெய்லரோட முன்பக்க ஊன்றுகால மேல தூக்காம, ட்ரெய்லர் பிரேக்க பிடிச்சுகிட்டு ட்ரக்க மெல்ல முன்னாடி இழுத்துப் பாருங்க, அரை நிமிஷ வேலை. தொட்டி குட்டையான ட்ரக்னா இன்னொண்ணு, கூர்மையா திரும்பறப்போ ட்ரெய்லர் மூலை வந்து கேபின் கண்ணாடிய இடிக்கும், அதுக்கு பின்னாடி நகர்ற ஸ்லைடர் ஹிட்ச் வேணும்.

இப்ப யாரும் பேச விரும்பாத சமாச்சாரம், கக்கூஸ் டேங்க். வண்டிய நிறுத்தித் தங்குற பார்க்ல தண்ணி, கரண்ட், கழிவுக் குழாய் மூணும் இருக்கிற ஃபுல் ஹூக்கப் கிடைச்சதும் குழாய மாட்டி அந்த டேங்க், அதாவது பிளாக் டேங்க் வால்வ தொறந்தே வச்சுடுறாங்க, தானா போயிடும்னு நினைப்பு. போகாது. தண்ணி மட்டும் ஓடிடும், கெட்டி எல்லாம் அடியில தங்கி காய்ஞ்சு கோபுரமா எழும்பும், அப்புறம் அத உடைக்க ஆள் கூப்பிடணும். வால்வ மூடியே வைங்க, தாராளமா தண்ணி ஊத்துங்க, முக்கால்வாசி நெருங்குறப்போ ஒரே தடவையா திறந்து விடுங்க. முதல்ல பிளாக், அப்புறம் சிங்க், குளியல் தண்ணி சேர்ற கிரே டேங்க், அப்பதான் சோப்புத் தண்ணி குழாயக் கழுவிட்டுப் போகும். நம்ம சமையலுக்கு கிரே டேங்க்தான் நிஜமான வில்லன், எண்ணெயும் புளிக்கரைசலும் உள்ள போய் படிஞ்சா வெயில் காலத்துல நாத்தம் சிங்க் வழியா மேல வரும். கடாய பேப்பர்ல துடைச்சுட்டு கழுவுங்க. மிளகா தாளிக்கிறத வெளிய ஒரு இண்டக்‌ஷன் போட்டு பண்ணிக்குங்க, நிறைய மாடல்ல அடுப்பு மேல இருக்கிற ஃபேன் காத்த வெளிய தள்ளாது, வடிகட்டி உள்ளயே திருப்பி விடும்.

கரண்ட்ல 30 ஆம்ப், 50 ஆம்ப்னு ரெண்டு இருக்கு. 30ன்னா மொத்தமே 3,600 வாட்ஸ், 50ன்னா 20 ஆம்ப்தானே ஜாஸ்தின்னு நினைக்காதீங்க, அதுல ரெண்டு லைன் வருது, 12,000 வாட்ஸ். 30ல ஏசி ஓடிட்டிருக்கும்போது இண்டக்‌ஷன் போட்டு, வாட்டர் ஹீட்டரும் கரண்ட்ல ஓடினா அவ்ளோதான், ட்ரிப். கோடையில பார்க் நிறைஞ்சா வோல்டேஜ் விழும், அது ஏசி கம்ப்ரஸர தின்னுடும், 104 வோல்ட்டுக்குக் கீழ போனா தானா கட் பண்ற சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்குங்க, அதுல காச மிச்சம் பிடிக்காதீங்க.

குளிர் காலம். ஃபோர் சீசன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நம்பிடாதீங்க, அது பெரும்பாலும் விளம்பர வார்த்தை. மைனஸ்ல போற ஊர்ல தங்கறதா இருந்தா ஹீட்டர் சுத்தின தண்ணிக் குழாய், கீழ சுத்தி மறைக்கிற ஸ்கர்ட்டிங் ரெண்டும் வேணும். குளிர விட ஈரம்தான் மோசம், சமைக்கிறது, குளிக்கிறது, மூச்சு விடுறது எல்லாம் சின்ன இடத்துல ஆவியாகி மெத்தைக்கு அடியில பூசணம் பிடிக்கும். கேஸ் அடுப்பு எரிஞ்சாலும் ஆவிதான் வரும், அதுல வீட்ட சூடாக்கலாம்னு நினைச்சீங்கன்னா கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேற. ஈரத்த உறிஞ்சுற டிஹ்யூமிடிஃபையர் ஒண்ணு எப்பவும் ஓடட்டும். கூரையையும் மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏறிப் பாருங்க, ஓரங்கள்ல இருக்கிற சீலண்ட் வெடிச்சிருந்தா உடனே அடைங்க. உள்ள ஈரம் தெரியறதுக்குள்ள சுவர் உப்பிடும்.

வழி பாக்க சாதா மேப் போதாது. நார்த் கரோலினா டர்ஹம்ல ஒரு ரயில் பாலம், 11 அடி 8 இன்ச் உயரம், லாரிக் கூரைகள உரிச்சே பேர் வாங்குச்சு, 2019ல 12 அடி 4 இன்ச்சா தூக்கினாங்க. பெரிய ஃபிஃப்த் வீல் 13 அடிய தொடும். வண்டி உயரத்த போட்டு வழி சொல்ற ஆப் இல்லாம கிளம்பாதீங்க.

கடைசியா பேப்பர் வேலை, நம்ம ஆளுங்க மொத்தமா கோட்டை விடுறது இதத்தான். நிறைய கம்பெனி வாரண்டியில முழுநேரம் குடியிருந்தா செல்லாதுன்னு சின்ன எழுத்துல இருக்கும், இன்ஷூரன்ஸும் ஃபுல் டைமர் பாலிசின்னு தனியா எடுக்கணும். டெக்ஸாஸ், ஃப்ளோரிடா, சவுத் டகோட்டாவுல மாநில வருமான வரி இல்லன்னு எல்லாரும் அங்க ஒரு தபால் அட்ரஸ் வாங்குவாங்க, அது அமெரிக்கக் குடிமக்களுக்கு சுலபம். எச்-1பி வேலை விசாவுல இருக்கிறவங்களுக்கு வேலை செய்ற இடம், கம்பெனி லேபர் டிபார்ட்மெண்ட்ல போடுற எல்சிஏ விண்ணப்பத்துல எழுதின மெட்ரோ ஏரியாவுக்குள்ள இருக்கணும். அத தாண்டிப் போய் உக்காந்து வேலை பாத்தா, சில குறுகிய கால விதிவிலக்கு போக, கம்பெனி பெட்டிஷன திருத்தி ஃபைல் பண்ண வேண்டி வரும். க்ரீன் கார்டு இருந்தாலும் சரி விசா இருந்தாலும் சரி, அட்ரஸ் மாறினா 10 நாளுக்குள்ள குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11ங்கிற அட்ரஸ் மாற்ற ஃபார்ம் போடணும். மாசத்துக்கு ஒரு ஊர்னு சுத்தப் போறீங்கன்னா கம்பெனி லாயர்கிட்ட பேசி எழுத்துல வாங்கிட்டு, அப்புறமா அபார்ட்மெண்ட் லீஸ முடிங்க.