12 கட்டத்தை விட்ட பிறகு டென்ஸ் பிடிபட்டது

பள்ளியில் தந்த 12 கட்ட ஆங்கில டென்ஸ் அட்டவணை எனக்கு மனப்பாடம். பேசும்போது சரியான கட்டத்தைத் தேடுவதற்குள் எதிரே இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

அட்டவணையை ஓரம் வைத்துவிட்டுத் துணைவினைகளை மட்டும் பார்த்தேன். 'ஆம், இஸ், வாஸ்' போன்ற 'பி' வகையோடு ஐஎன்ஜி சேர்ந்தால் செயல் நடந்துகொண்டிருக்கிறது. 'ஹேவ்' வந்தால் பின்னால் மூன்றாம் வடிவம்: ஈட்டன், ரிட்டன், கான். இரண்டையும் கோத்தால் 'ஹேவ் பீன் வொர்க்கிங்'. அந்த 'பீன்' வேறொன்றுமில்லை, 'பி'யின் மூன்றாம் வடிவம்தான்! இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை என்ற கோபம் இன்னும் உண்டு. காலத்தைக் காட்டுவது வரிசையில் முதலில் நிற்கும் வினை மட்டுமே. 'ஹேவ்' 'ஹேட்' ஆனால் மொத்தமும் பின்னுக்குப் போய்விடும்.

அப்புறம் 'சா'வா, 'ஹேவ் சீன்'ஆ என்ற குழப்பம். நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ஹேவ் வராது: 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே'. நேரம் சொல்லாவிட்டால் 'ஐ ஹேவ் சீன் ஹிம்' சரி. 'சின்ஸ் 2019' இன்றுவரை நீள்வதால் 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2019'.

ஒழுங்கற்ற வினைகளுக்குக் குறுக்குவழி கிடைக்கவில்லை. சிங்-சாங்-சங், ட்ரிங்க்-ட்ராங்க்-ட்ரங்க் என ஓசை ஒத்தவற்றைச் சேர்த்து வாய்விட்டுச் சொன்னேன். 'கோ-வென்ட்-கான்' எதனோடும் சேராது, அதைத் தனியாகத்தான் படிக்கவேண்டும்.