கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் முதலில் செய்யக் கூடாதவை

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கொல்லம் போக வேண்டிய தீப்பெட்டி லோடு செங்கோட்டையில் ஏற்றி முடிந்து நிற்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு, மாநிலம் தாண்டுகிறது, இ-வே பில் என்ற ஜி.எஸ்.டி. போக்குவரத்துச் சீட்டு வேண்டும். அது கைக்கு வராமல் எல்லையில் இருக்கும் புளியரையைத் தாண்ட டிரைவருக்கு மனமில்லை. புக்கிங் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ இ-வே பில் தளம் திறக்கவில்லை. மெயில் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் ஒரு எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கிறது.

நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருந்த தம்பி மூன்று வேலை செய்து முடித்திருந்தார். பிரவுசரை அழித்துவிட்டு, பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்றியிருந்தார். வைரஸாக இருக்குமோ என்று, ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கும்போதே இன்னொன்றையும் போட்டிருந்தார். கடைசியாக மோடத்தின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தி, அதை வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோயிருந்தார்.

உண்மையான கோளாறு திரையின் வலது கீழ் மூலையில் இருந்தது. தேதி 2010 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது, அது இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரைதான் செல்லும். 2010-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் எல்லாத் தளத்தையும் தள்ளிவிட்டது. தேதியைச் சரிசெய்ய எனக்கு அரை நிமிடம் ஆனது. மோடத்துக்குத்தான் ஒன்றரை மணி நேரம். அதன் யூசர் நேமும் பாஸ்வேர்டும் யாரிடமும் இல்லை, இணைப்பு கொடுத்தவர்களைப் போனில் பிடித்து வாங்க வேண்டியதாயிற்று. லாரி கிளம்பும்போது ராத்திரி பத்து மணி.

இதில் எனக்கு இன்றும் வருத்தம் தருவது ஒன்று. அந்த எச்சரிக்கைப் பக்கத்திலேயே 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்றுதான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யாரும் படிக்கவில்லை.

பழுது பார்க்க என்னிடம் வரும் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். முதலில் வந்த பழுது சின்னது, அதன்பின் பதற்றத்தில் செய்தவை பெரியவை. அதனால் திரையில் எது வந்தாலும் மூடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் அந்தப் படத்தை யாருக்காவது அனுப்பலாம். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், இடையில் என்ன மாறியது என்று யோசியுங்கள்: கரண்ட் போனதா, புதிதாக எதையாவது செருகினீர்களா, அப்டேட் ஏதும் வந்ததா? அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பலிக்கவில்லையா, பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் தெரியாது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் அண்ணாச்சி, அப்படியேதான் இருக்கு" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் பல கம்ப்யூட்டர்கள் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருக்க, உள்மனதில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகின்றன. காலையில் எழும்போது நேற்றைய குழப்பத்தோடேயே எழுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். பிரிண்டர் வேலை செய்யவில்லை, ஒலி வரவில்லை என்றால் முதலில் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது கடைசி வழி. அப்டேட் ஓடும்போது அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அடுத்ததை நிதானமாகச் சொல்கிறேன். இதில் போனது பல நேரம் திரும்பி வருவதில்லை.

ஆரியங்காவிலிருந்து ஒரு சேட்டன் வந்தார். கல்யாணப் படம் எடுப்பவர். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். "பேக்கப் உண்டு, எல்லாம் டி டிரைவில் இருக்கு" என்றார். சியும் டியும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் போட்ட இரண்டு தடுப்புகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள் மாதிரி. வீடு சரிந்தால் எந்த அறையில் வைத்தாலும் ஒன்றுதான். சத்தம் கேட்ட பிறகும் அவர் டிஸ்க் செக் என்ற பரிசோதனையை நாலு முறை ஓட்டியிருந்தார். உள்ளே தகட்டைப் படிக்கும் முனை பழுதாகும்போதுதான் பெரும்பாலும் அந்தச் சத்தம் வரும். அப்போது ஓட்ட ஓட்ட, தகடு இன்னும் கீறுப்படலாம். டக் டக் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது, திறந்தும் பார்க்கக் கூடாது. அப்படியே டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். சத்தம் இல்லை, வேகம் மட்டும் குறைகிறது என்றால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அந்த வெளி டிஸ்க்கையும் எந்நேரமும் செருகியே வைக்காதீர்கள்.

பென்டிரைவைச் செருகியதும் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். கை தன்னால் ஓகே பக்கம் போகும். போகவிடாதீர்கள். ரத்து செய்துவிட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். தெரியாமல் அழித்துவிட்ட ஃபைல்களுக்கும் இதே நிதானம் வேண்டும். ரீசைக்கிள் பின்னில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், மீட்கும் மென்பொருளைக்கூட அதில் ஏற்றாதீர்கள். அழித்த ஃபைலின் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும் வரை பழையது உள்ளேதான் இருக்கும். தகடு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யில் மட்டும் இந்த நம்பிக்கை குறைவு. அது அழித்த இடத்தைத் தானே சுத்தம் செய்துவிடும்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இடி தனிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானம் தாண்டினால் மேற்கே கறுக்கும். எல்லாரும் சிபியு பிளக்கைப் பிடுங்குவார்கள், மோடத்தை மறந்துவிடுவார்கள். ஃபைபர் இணைப்புதானே என்பார்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, சரிதான். ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? அதன் வழியாக வருவது லேன் கேபிளில் ஏறி நேராக மதர்போர்டுக்குப் போகும். அந்தக் கேபிளையும் கழற்றுங்கள், அதுவும் இடி நெருங்கும் முன்னால். தலைக்கு மேல் வெட்டும்போது வயரைத் தொடக் கூடாது. ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு அடியையும் வாங்க வாங்க அதன் உள்ளே இருக்கும் பாகம் தேய்கிறது, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 600 வி.ஏ., சுமார் 360 வாட்தான் தாங்கும். பிரிண்டர் சூடாகும் நேரத்தில் அதைவிட அதிகம் இழுக்கக்கூடியது.

ஆனி ஆடிச் சாரலில் ஈரம் ஏறி, மதர்போர்டில் செருகியிருக்கும் ராம் என்ற நினைவகப் பட்டையின் தொடர்பு விட்டுப்போவது உண்டு. பீப் பீப் என்று கத்தும், திரை வராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒன்று, ஃபான்ட். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். மலையாளப் பத்திரமும் கடிதமும் இன்றும் வந்து போகின்றன. புனலூரிலிருந்து ஒரு வேர்ட் ஃபைல் வரும். திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாக இருக்கும். வைரஸ் என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். அது கெடவில்லை. பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் மலையாள எழுத்தை வைத்திருந்தன. நம் பாமினியும் வானவில் அவ்வையாரும் அப்படித்தான். அனுப்பியவரிடம் ஃபான்டையும் கேளுங்கள், அல்லது பி.டி.எஃப். ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். ஃபான்ட் இல்லாமல் அதில் திருத்தத் தொடங்கினால், வேர்ட் தானாகச் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். அந்த ஃபான்டில் அது வேறு எழுத்து. பத்திரத்தில் ஒரு பெயரே மாறிப்போகும். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து மாறாத முறை யூனிகோடு, தமிழ்நாடு அரசு 2010-லேயே அதற்கு வந்துவிட்டது. புதிதாக அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள்.

திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, 'இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று வந்தால் கூப்பிடவே கூடாது. விண்டோஸ் அப்படிப் போன் நம்பர் கொடுக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து மூடிவிடுங்கள். சேவை மைய எண்ணைத் தேடும்போதும் முதலில் வருவதை நம்பாமல், வாங்கிய பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானே பூட்டி வைக்கிறது. விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்பான பயாஸில் கை வைத்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் தொடங்கிக் கொடுத்திருப்பார், பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் இன்றைக்கே அந்தக் கணக்குக்குள் போய், சாவியை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் போட்டு வையுங்கள்.