சொந்த லாரி வாங்கும் முன்: குமரி மாவட்டத்தில் முதல் கனரக வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாம் நிலத்தின் முனையில் இருக்கிறோம். குமரி மாவட்டத்தில் லாரி வாங்கித் தானே ஓட்ட நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். சேலத்திலும் திருச்சியிலும் நான்கு திசைக்கும் லோடு கிடைக்கும். நமக்கு இரண்டே வாசல்கள்: ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழியாகத் திருநெல்வேலிப் பக்கம், களியக்காவிளை தாண்டிக் கேரளம். ஒருவழி லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் டீசலும் சுங்கமும் நம் கைப்பணம்தான். அதனால் வண்டியைத் தேடுவதற்கு முன் லோடைத் தேடுங்கள்.

முதல் படி: போகும் லோடு, வரும் லோடு

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இங்கிருந்து போவது ரப்பர், கயிறு, தேங்காய், வாழைத்தார், மீன். இங்கே வருவது தாழையூத்து சிமென்ட், கம்பி, அரிசி, காய்கறி. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள புக்கிங் அலுவலகங்களில் நான்கைந்து நாள் உட்கார்ந்து விசாரியுங்கள். எந்த மாதத்தில் எது ஓடுகிறது? வாடகை எத்தனை நாளில் கைக்கு வருகிறது? மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு குறையும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மீனை மட்டும் நம்பித் தவணை கட்ட நினைப்பவர் அந்த இரண்டு மாதத்துக்கும் வழி கண்டிருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எத்தனை சக்கரம்?

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2820 என்றால் லோடு சேர்த்து மொத்த எடை ஏறக்குறைய 28 டன், குதிரைத்திறன் ஏறக்குறைய 200. இது 10 சக்கர வண்டி. 35 என்று தொடங்குவது 12 சக்கரம். 55 என்று தொடங்கினால் டிரெய்லர். மொத்த எடையிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் லோடு. பாடியோடு வெற்று எடை 9.5 டன் என்றால் 18.5 டன் ஏற்றலாம்; 50 கிலோ சிமென்ட் மூட்டை 370. அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாயும் அபராதம்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை உறுதியாகக் கையில் இருந்தால் தவிர, புதியவருக்கு டிரெய்லர் வேண்டாம். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை நெரிசலில் அதைத் திருப்புவது பழகிய கைகளுக்கே கடினம். முதல் வண்டிக்கு 10 சக்கரம் போதும் என்பதே என் உறுதியான எண்ணம்.

மூன்றாம் படி: புதியதா, பழையதா?

கேரளத்துக்குத் தொடர்ந்து ஓட நேஷனல் பெர்மிட், அதாவது மாநிலம் தாண்டி ஓடும் அனுமதி, வேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு: 6 சக்கர லாரிக்கு 12 ஆண்டு, 10 சக்கரமும் அதற்கு மேலும் உள்ள மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 ஆண்டு. மேலும், 8 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) லாரிகளில், புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்ப்ளூ என்னும் யூரியா கரைசலுக்கும் செலவு உண்டு.

நான்காம் படி: பழைய வண்டியைப் பார்க்கும் விதம்

இதில் அவசரம் கூடாது. நம் ஊரில் வண்டியின் முதல் பகை உப்பு. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சேஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். மேலே புதுப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சோடு அடியில் படுத்து, குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும்; துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். சேஸில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால், என்ன விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

காலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை நீங்கள் பார்க்க முடியாது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3523 என்றால் 2023-இன் 35-வது வாரத்தில் செய்தது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவே அல்ல.

ஐந்தாம் படி: கணக்கு

நாகர்கோவிலிலிருந்து சென்னை போய்த் திரும்ப ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 350 லிட்டர் டீசல், 3.5 தந்தால் 400. அந்த 50 லிட்டர் ஒவ்வொரு நடையிலும் போகும். அதனால் மைலேஜை விற்பவர் வாயால் கேட்காமல், அதே மாடலை ஓட்டும் ஓட்டுநர்களிடம் கேளுங்கள். மாதத்தில் 10 நாள் வண்டி நின்றாலும் கட்டக்கூடிய தவணையாக இருக்கட்டும்.

கடைசியாகக் காகிதங்கள். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், சாலை வரி ஆகியவற்றோடு நிலுவை அபராதமும் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்திருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம். இவை கையெழுத்தாகி உங்கள் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.